ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

போன மாதம் ஒரு காலையில் நிரோஷா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் இப்போது என் இடத்தில் இருக்கும் பெண் அவள்.

“அங்கிள், பழைய பாதரச பிரஷர் மெசின எல்லாம் எடுத்துட்டுப் போக வந்திருக்காங்க. ஒண்ணுதான் இருக்குது. இன்னொண்ணு எங்க வச்சீங்க?”

“மருந்து அலுமாரிக்கு மேல பாரு. பழைய பெட்ஷீட்ல சுத்தி இருக்கும்.”

“ஆ, கெடச்சிருச்சு. இன்னொரு விசயம் அங்கிள். பிரஷர் கார்டுல சில பொம்பளைங்க பேருக்குப் பக்கத்துல பென்சிலால சின்னதா வட்டம் போட்டிருக்கீங்களே, அது என்னா?”

“அது சும்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

சும்மா போட்ட வட்டம் இல்லை அது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேத்தண்ணீர் கோப்பையை எடுப்பேன், குடிக்காமல் வைப்பேன். வாசலுக்குப் போவேன், திரும்பி வருவேன். எனக்கும் பிரஷர் உண்டு. மகன் கொழும்பிலிருந்து வாங்கி வந்த பொத்தான் மெசினைக் கையில் கட்டி அளப்பேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி கட்டுவேன். என் மனைவி பார்வதி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: “கழட்டுங்க அத. அந்த மெசினுக்கே பிரஷர் வந்துரும்.”

எனக்கு ஐம்பத்தாறு வயது. கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம். சாதாரண தரப் பரீட்சை எழுதி, கணக்கில் தவறி, இரண்டு வருடம் சும்மா இருந்த பிறகு டிஸ்பென்சரியில் உதவியாள் வேலை கிடைத்தது. முதல் ஒரு வருடம் கூட்டினேன், துடைத்தேன், ஊசிகளை அவித்தேன், புண்ணுக்கு மருந்து கட்டினேன். பேச்சு வராத ஆள் நான். கூட்டத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேசாமல் செய்கிற வேலை என்று நினைத்துத்தான் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் அதே அறையில் கழிந்தது.

எங்கள் டிஸ்பென்சரிக்குப் பொறுப்பாக இருந்த வைத்திய உதவியாளர் ஞானப்பிரகாசம் ஐயா. இப்போது அவர் இல்லை. கோபக்காரர் என்று பெயர். ஆனால் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். நாங்கள் அருகில் போய்க் குனிந்து கேட்க வேண்டும். திட்டு வாங்குவதற்கு நாமே பக்கத்தில் போவது பெரிய தண்டனை.

பிரஷர் கிளினிக் மாதத்தில் ஒரு புதன்கிழமை. பின்னேரம் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகு பெண்கள் மலையிலிருந்து நேரே இறங்கி வருவார்கள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் துணி, காலெல்லாம் சேறு. வந்ததும் கையை நீட்டுவார்கள்.

“ஒக்காரு” என்பார் ஐயா.

“நேரமாகுதுங்க ஐயா. வூட்ல அடுப்பு பத்த வைக்கணும்.”

“மலையில இருந்து ஓடி வந்த ரத்தத்த நான் அளக்க மாட்டேன். ஒக்காரு. பேசாத.”

ஐந்து நிமிடம். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுப்புவார். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் இரண்டும் தரையில் இருக்க வேண்டும், கை நெஞ்சின் உயரத்துக்கு மேசையில் இருக்க வேண்டும். சுவெட்டருக்கு மேல் பட்டியைக் கட்டக் கூடாது. பெண்கள் என் முன்னால் சுவெட்டரைக் கழற்றக் கூச்சப்படுவார்கள், அவர்களைவிட நான் கூச்சப்படுவேன். அதனால் ஐயா ஒரு திரை தைத்துப் போட்டார். திரைக்குப் பின்னால் ஆள் இருக்கும். கை மட்டும் வெளியே வரும். கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த விரல்களை வைத்தே நான் ஆட்களை அடையாளம் சொல்வேன்.

அளக்கும் முறையை அவர் எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னார். மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றை அடி. நாடி நிற்கும். அதற்கு மேல் முப்பது ஏற்று. பிறகு மெதுவாக விடு, ஒவ்வொரு கோடாகப் பாதரசம் இறங்க வேண்டும். காதுக் குழாயில் முதலில் கேட்கும் ‘டப்’ மேல் கணக்கு. சத்தம் மறையும் இடம் கீழ்க் கணக்கு. கண் பாதரசத்துக்கு நேரே இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மறுபடி அள, ஊகித்து எழுதாதே. “கேட்டத எழுது. கேக்காதத எழுதாத” என்றார்.

அளந்த பிறகு உப்புப் பாடம் நடக்கும். பத்திரிகைத் துண்டில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கொட்டி மட்டமாக வழித்துக் காட்டுவார். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான், ரொட்டி மாவில் போடுவதும் சம்பலில் போடுவதும் கருவாட்டில் இருப்பதும் இதற்குள்தான். கருவாடு இல்லாமல் முடியாது என்றால் சுடுதண்ணீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி கழுவிச் சமைக்கச் சொல்வார். வெற்றிலையோடு புகையிலை போடக் கூடாது. தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். வல்லாரைச் சாறு, பூண்டு, ஆவாரம்பூ என்று யாராவது கேட்டால் கோபிக்க மாட்டார். “குடி. மாத்திரையோட குடி. மாத்திரைக்குப் பதிலா குடிக்காத” என்பார். மாத்திரையை எழுதுவது டவுன் ஆஸ்பத்திரி டாக்டர். மாதாமாதம் கொடுப்பதும், அளவை எழுதி அனுப்புவதும் எங்கள் வேலை.

தெய்வானை அக்காவின் பிரஷர் மட்டும் இறங்கவில்லை.

அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். எங்கள் டிவிசனில் அவர் கைக்கு ஈடாகக் கொழுந்து எடுத்தவர்கள் குறைவு. நன்றாகப் பேசுவார், மற்றவர்களையும் சிரிக்க வைப்பார். ஐயா சொன்னதையெல்லாம் செய்தார். புகையிலையை விட்டார். கருவாட்டை விட்டார். ஓடைக்கரையில் வல்லாரை பறித்துப் பச்சையாகச் சம்பல் போட்டார். ஆனாலும் மாதா மாதம் பாதரசம் அதே இடத்தில்தான் நின்றது. சில மாதம் இன்னும் மேலே போனது.

ஒரு புதன்கிழமை அவர் சேலை முந்தானையில் ஒரு முடிச்சு இருந்ததை ஐயா கண்டுவிட்டார்.

“அது என்னா?”

“உப்புங்க ஐயா.”

ஐயாவின் குரல் இறங்கியது. “உப்ப முடிஞ்சிக்கிட்டே வந்து பிரஷருக்கு மருந்து கேக்குற?”

“அட்டைக்குங்க ஐயா! மழ நாள்ல காலெல்லாம் ஏறுது. அட்டைக்குப் பிரஷர் வந்தா எனக்கென்னா?”

திரைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. கார்டில் எழுதினார். அக்கா போன பிறகு என்னிடம் சொன்னார்: “இந்தப் பொம்பள களவா கருவாடு திங்குது. நீ போய் அடுப்படியப் பாத்துட்டு வா.”

என்னிடமா? பெண்கள் வீட்டு அடுப்படியைப் போய்ப் பார்க்க என்னையா அனுப்புவது? மறுக்கவும் வாய் வரவில்லை. அடுத்த கிளினிக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு பின்னேரம் போனேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் காலை வைத்ததுமே ஒரு குரல் கேட்டது: “ஏ, உப்பு பொலிஸ் வந்துருச்சு! டின்ன ஒளிச்சு வைங்கடி!” அந்தப் பெயர் பிறகு நான் ஓய்வு பெறும் வரை போகவில்லை.

அக்காவின் கணவர் பெருமாள் அண்ணன் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். “போ தம்பி, உள்ள போய்ப் பாரு. உப்பில்லாத சோறு தின்னு தின்னு எனக்குத்தான் சொரண இல்லாமப் போச்சு” என்றார்.

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். “வாங்க தம்பி. எல்லாம் அந்தச் சுவத்துத் தட்டுலதான் இருக்கு. உப்பு டின்ன மட்டும் பாக்காதீங்க. எல்லாத்தையும் நல்லாப் பாருங்க.” சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார். “பிளேன்டீ ஊத்துறேன். சீனி போடவா? உப்புத்தான் போட மாட்டேன்.”

உப்பு டின் முக்கால் பங்கு நிறைந்திருந்தது. கருவாட்டு வாசமே இல்லை. தட்டில், உப்பு டின்னுக்குப் பக்கத்தில், மாத்திரைப் பொட்டலங்கள் திறந்தபடி இருந்தன. இரண்டு வகை. ஒன்றில் கணக்காக இரண்டு நாளுக்கு உரியது மட்டும் மிச்சம் இருந்தது. மற்றதில், போன கிளினிக்கில் நான் என் கையால் எண்ணிக் கொடுத்த வெள்ளை மாத்திரை, கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. எண்ணினேன். நான்கு மட்டும் குறைந்திருந்தது. சுவரில் கலண்டர் தொங்கியது. போன கிளினிக்குக்குப் பிறகு கழிந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகள் நான்கு.

தேத்தண்ணீரைக் குடித்தேன். ஒன்றும் கேட்கவில்லை. வந்துவிட்டேன்.

வீட்டில் பார்வதியிடம் சொன்னேன். அவளும் அப்போது மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள்.

“நெசமாவே தெரியாதா ஒங்களுக்கு? அது ஒண்ணுக்குப் போற மாத்திர. முழுங்குனா அர மணித்தியாலத்துக்கு ஒருக்கா போகணும். ஏழாம் நம்பர் மலையில எங்க போறது? கீழ கங்காணி நிக்கிறான், மேல ரோட்டுல பஸ் போகுது. நீங்க ஆம்பளைங்க எந்தக் கான் பள்ளத்துக்குள்ளயும் நின்னுருவீங்க.”

“அப்ப நீங்கெல்லாம்...”

“காலையில இருந்து தண்ணியே குடிக்க மாட்டோம். ஒங்க ஐயா வேற நல்லாத் தண்ணி குடி, நல்லாத் தண்ணி குடின்னு சொல்றாரு.” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “தெய்வானக்கா மட்டும் இல்ல. மலைக்குப் போற எல்லாரும் அத ஞாயித்துக்கெழமதான் போடுவாங்க.”

இத்தனை வருடம் அந்த மாத்திரையை எண்ணி எண்ணிப் பொட்டலம் கட்டியவன் நான். ஒரே வீட்டில் இருக்கும் மனைவி வாயிலிருந்து அன்றுதான் கேட்கிறேன்.

ஐயாவிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? டிஸ்பென்சரிக்குப் போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ‘ஐயா, பெண்களுக்கு மலையில் வசதி இல்லாத காரணத்தால்...’ பாதிக்கு மேல் வரவில்லை. ஐயா மூத்தவர். நான் அவர் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. அக்கா பொய் சொல்லிவிட்டார் என்று அவர் நினைத்தால்? எல்லாப் பெண்கள் முன்னாலும் அவரை வைத்துக் கேட்டால்? இப்படி நினைத்து நினைத்து புதன்கிழமை வந்துவிட்டது.

அளந்தார். அக்காவின் கையில் ஐயா மறுபடியும் அளந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, ‘மருந்து போதவில்லை’ என்று டவுன் டாக்டருக்கு எழுதினார்.

“ஐயா” என்றேன்.

“என்னா?”

திரைக்குப் பின்னால் அக்கா இருந்தார். அவர் கை இன்னும் மேசையில்தான் இருந்தது. அது அசையவில்லை.

“பட்டி ரப்பர் லேசா காத்துக் கசியிதுங்க ஐயா.”

“நாளைக்கு மாத்து” என்றார். அக்கா கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

டாக்டர் மருந்தைக் கூட்டினார். நான் பொட்டலம் கட்டினேன். அடுத்த மாதமும் சொல்லவில்லை, அதற்கு அடுத்த மாதமும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் பட்டி, ரப்பர், பாதரசம் என்று ஏதாவது வாயில் வந்தது.

மூன்றாம் மாதம், ஒரு வியாழக்கிழமை. பத்து மணி தாண்டியிருக்கும். ஏழாம் நம்பர் மலையிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவைத் தேயிலை நிரையிலிருந்து இழுத்து ரோட்டோரத்தில் படுக்க வைத்திருந்தார்கள். கூடை கவிழ்ந்து கொழுந்து கொட்டியிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஏதோ சொல்லப் பார்த்தார், சொல்லாக வரவில்லை. ஐயா மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்து அளந்தார். அன்றைக்கு ஐந்து நிமிடம் காத்திருக்கவில்லை. என்ன கணக்கு என்று எனக்குச் சொல்லவும் இல்லை.

கொழுந்து லொறியில்தான் டவுனுக்குக் கொண்டுபோனோம். அக்காவின் இடக்கை என் சட்டையைப் பிடித்திருந்தது. வலக்கை பக்கத்தில் கிடந்தது. அது கொழுந்து எடுக்கும் கை. லொறி ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது அது தானாக உருண்டது. நான் அதை எடுத்து அவர் வயிற்றின் மேல் வைப்பேன். அடுத்த வளைவில் மறுபடி விழும்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஐயாவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. எந்தச் சொல்லைப் போட்டேனோ, அவருக்குப் புரிந்தது.

“எப்பருந்து தெரியும்?”

“மூணு மாசமாங்க ஐயா.”

அவர் குரல் இறங்கும் என்று நினைத்து அருகில் போனேன். ஒன்றும் வரவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். முதுகு சாய்த்து, இரண்டு காலும் தரையில் வைத்து, எங்கள் நோயாளிகளைப் போலவே பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “இருவது வருசமா உப்பப் பத்திக் கேட்டேன். இத நான் கேக்கவே இல்லையே.”

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அது அன்றோடு போயிருக்கும்.

அதற்குப் பிறகு அவர் செய்தவை உண்டு. டவுன் டாக்டரைத் தேடிப் போய்ப் பேசினார். மாற்றக்கூடியவர்களுக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள். வெள்ளை மாத்திரை கட்டாயம் வேண்டும் என்றவர்களுக்கு, பின்னேரம் கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வந்ததும் போடும்படி நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள். தோட்டத் துரைக்குக் கடிதம் எழுதியதில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் தகரத்தில் ஒரு கழிவறையும் வந்தது. ஏழாம் நம்பரிலிருந்து அங்கே போய் வர அரை மணித்தியாலம் ஆகும் என்பது வேறு கதை. பின்னேரம் போட்டாலும் அது மறுநாள் மலை வரைக்கும் வருது என்றாள் பார்வதி.

யார் யார் மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலையை ஐயா என்னிடம் கொடுத்தார். நான் பெண்களிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. மிச்ச மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லி எண்ணினேன். கூடுதலாக இருந்தால் கார்டில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, ஐயாவிடம் நீட்டுவேன். வாய் திறக்க வேண்டியதில்லை. நல்ல வழி என்று கொஞ்ச நாள் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. பிறகு எண்ணிக்கை எல்லோருக்கும் சரியாக வரத் தொடங்கியது. பிரஷர் மட்டும் இறங்கவில்லை. ஒரு நாள் டிஸ்பென்சரி வாசல் சாக்கடைக் கானைக் கழுவும்போது பார்த்தேன், வெள்ளை மாத்திரைகள் கரைந்தும் கரையாமலும் கிடந்தன. நான் எண்ணுவேன் என்று தெரிந்து கொட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

நிரோஷா கேட்டது இதைத்தான். ‘சும்மா’ என்று நான் சொன்னதும் இதைத்தான்.

நாலு நாள் அலைந்துவிட்டு, ஐந்தாம் நாள் தெய்வானை அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா பிழைத்துப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. வாய் சரியாகிவிட்டது. வலக்கை மடங்குவதில்லை. வாசலில் உட்கார்ந்து இடக்கையால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க உப்பு பொலிஸ். என்னா, நின்னுக்கிட்டே இருக்கீங்க? ஒக்காருங்க. ஓடி வந்த ரத்தத்த அளக்க மாட்டோம்.”

உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

“அக்கா, அன்னைக்கு ஒங்க வூட்டுக்கு வந்தப்ப மாத்திரைய எண்ணுனேன். எனக்கு அப்பவே தெரியும். ஐயாகிட்ட சொல்லல.”

அக்கா பூண்டை உரிப்பதை நிறுத்தவில்லை. ஒரு பல் உரிந்தது. அதைக் கிண்ணத்தில் போட்டார்.

“நீங்க எண்ணுனது எனக்குந்தான் தெரியும். அடுப்ப ஊதுற மாதிரி ஓரக்கண்ணால பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். பொட்டலத்தத் தொறந்து அங்கன வச்சதே நான்தான். எல்லாத்தையும் பாருங்கன்னு சொன்னேனே.”

நான் கீழே கிடந்த பூண்டுத் தோலைப் பொறுக்கத் தொடங்கினேன்.

“ஐயாகிட்ட அத நான் எந்த வாயால சொல்றது? நீங்க ஆம்பள, நீங்க சொல்லிருவீங்கன்னு இருந்தேன். அந்தப் புதன்கெழம ‘ஐயா’ன்னு ஆரம்பிச்சீங்க. ஆகா, சொல்லப் போறாருன்னு கைய அசைக்காம வச்சிருந்தேன். பாத்தா, ரப்பர் கசியிதுன்னீங்க.”

அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கை திரைக்குள் போனது இப்போதும் எனக்குத் தெரிகிறது.

“நான் ஒங்களக் குத்தஞ் சொல்லல. எனக்கும் வாய் வரல, ஒங்களுக்கும் வாய் வரல. சரி, இப்ப எதுக்கு வந்தீங்க?”

நிரோஷா கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன்.

“போன எடுங்க.”

“இங்கனயா?”

“இங்கனதான். என் முன்னுக்குச் சொல்லுங்க.”

பக்கத்து வாசலில் இரண்டு பெண்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பெருமாள் அண்ணன் உள்ளே இருமிக்கொண்டிருந்தார். நிரோஷா எடுத்தாள்.

“அந்த வட்டம்” என்றேன். தொண்டையைச் செருமினேன். “அந்த வட்டம் போட்டவங்க வெள்ள மாத்திரைய ஞாயித்துக்கெழம மட்டுந்தான் போடுறாங்க. மத்த நாள் போட்டா ஒண்ணுக்கு வரும். மலையில போறதுக்கு எடமில்ல.”

“சத்தமாச் சொல்லுங்க, அந்தப் புள்ளைக்குக் கேக்காது” என்றார் அக்கா.

“மலையில ஒண்ணுக்குப் போக எடமில்ல!” என்றேன். துணி காயப்போட்ட பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. தெய்வானை அக்காவுக்கு நடந்ததைச் சொன்னேன். மூன்று மாதம் நான் சொல்லாமல் இருந்ததைச் சொன்னேன். கானில் மாத்திரை கிடந்ததையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் நிரோஷா கார்டுகளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“அங்கிள், இந்தக் கார்டுகள்ல பதினாலு பேருக்கு வட்டம் இருக்கு. நாளைக்குக் கிளினிக். நான் மாத்திரைய எண்ணவா?”

“எண்ணாத” என்றேன். “நேரா கேளு.”